நட்பு ஆட்டத்துக்கு எந்த அட்டை விளையாட்டு? ஐந்து செயலிகள், ஓர் ஒப்பீடு

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டத்துப் பட்டணத்தில் ஒரே தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வளர்ந்த பிள்ளைகள் இருபது வயதைத் தொடும்போது ஓரிடத்தில் இருப்பதில்லை. ஒருவர் பினாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருப்பார். ஒருவர் ஜொகூர் பாருவில் தங்கிக்கொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருவார். சித்தப்பா மகன் மட்டும் இங்கேயே இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருப்பான். இப்படிச் சிதறிய குழுக்கள் சனிக்கிழமை இரவு கைப்பேசி வழியாகக் கூடி அட்டை விளையாட்டு ஆட விரும்புகின்றன. தரவரிசைக்காக அந்நியரோடு மோதுவதில் அவர்களுக்கு நாட்டமில்லை. தங்களுக்குள், தங்கள் விதிப்படி, நட்பு ஆட்டம் ஆட வேண்டும். அதற்கு எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் வாசகர்கள் பலர் கேட்கும் கேள்வி.

போக்கெமான் டிசிஜி பாக்கெட், மார்வெல் ஸ்னாப், ஹார்த்ஸ்டோன், யூ-கி-ஓ மாஸ்டர் டூவல், மேஜிக் அரீனா ஆகிய ஐந்தையும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தையும் காசு கொடுக்காமல் பதிவிறக்கலாம், ஐந்தும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும், ஐந்திலும் தெரிந்தவர்களோடு மட்டும் ஆடுவதற்கு ஒரு வழி இருக்கிறது. இவற்றுள் சிறந்த விளையாட்டு எது என்று கேட்டால் விடிய விடிய வாதிடலாம். நட்பு ஆட்டத்துக்கு ஏற்றது எது என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடும்போது குழுவில் நன்றாக ஆடுபவரை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதே என் கருத்து. மிகக் குறைந்த அட்டைகளையும் மிகப் பழைய கைப்பேசியையும் வைத்திருப்பவர் யாரோ, அவருக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதலாவதும் முக்கியமானதும் சேகரிப்பு இடைவெளி. மேஜிக் 1993-இல் காகித அட்டைகளாக வெளிவந்த நாளிலிருந்து, இல்லாதவனுக்கு இருப்பவன் தன் டெக்குகளில் (ஆட்டத்துக்கென்று சேர்த்துக் கட்டிய அட்டைத் தொகுதிகளில்) ஒன்றைக் கையில் எடுத்துக் கொடுத்து "இதை வைத்து ஆடு" என்று சொல்ல முடிந்தது. செயலியில் அட்டை கணக்கோடு கட்டுண்டு கிடக்கிறது. ஈராண்டு ஆடிய அண்ணனிடம் நூற்றுக்கணக்கில் அட்டைகள் இருந்தாலும் நேற்றுச் சேர்ந்த தம்பிக்கு ஒரு டெக்கை அப்படி எடுத்து நீட்டுவது பெரும்பாலான செயலிகளில் முடியாது. அந்நியரோடு ஆடும்போது செயலியே ஓரளவுக்குச் சமமானவரைத் தேடித் தருவதால் இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை. நட்பு ஆட்டத்தில் அந்தச் சல்லடை இல்லை. ஆகவே புதியவர் நான்கு வாரம் தொடர்ந்து தோற்றுவிட்டு ஐந்தாம் வாரம் "வேலை இருக்கிறது" என்று சொல்லி விலகுவது விளையாட்டின் குறையால் அன்று, தேர்வின் குறையால்.

இரண்டாவது, கைப்பேசியும் இணைப்பும். பட்டணத்துக்குள் அலைவரிசை சுமாராக இருந்தாலும் செம்பனைத் தோப்புகளுக்கு நடுவே உள்ள வீடுகளில் ஒரு சன்னலோரம் கிடைப்பது அடுத்த அறையில் கிடைப்பதில்லை. மாலை நேர இடிமழையில் மோடத்தின் செருகியைக் கழற்றி வைப்பது பல வீடுகளில் வழக்கம். எனவே ஓர் ஆட்டம் எவ்வளவு நேரம் நீள்கிறது, நடுவில் இணைப்பு தடுமாறினால் எவ்வளவு இழப்பு, செயலி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, ஆட்டத்தில் சேரும் வழி: கடவுச்சொல்லா, அறை எண்ணா, நண்பர் பட்டியலா என்பது. நான்காவது, விதிகளை எவ்வளவு மாற்றலாம், ஆடாதவர்கள் உட்கார்ந்து பார்க்க முடியுமா என்பது. கடைசியாக மறைசெலவு. நட்பு ஆட்டத்தில் பெறும் வெற்றி உங்கள் தரவரிசையை உயர்த்தாது. அன்றாடப் பரிசுக் கணக்கிலும் பெரும்பாலும் சேராது. ஆகவே அட்டை சேர்க்க விரும்புபவர் நட்பு ஆட்டத்துக்குச் செலவிடும் நேரத்தோடு இன்னொரு பங்கு நேரத்தையும் தனியாகச் செலவிட வேண்டியிருக்கும். அந்த நேரத்தைக் காசு கொடுத்துக் குறைக்கத்தான் பொதிகள் (திறந்தால் சில அட்டைகள் தரும் மூடிய கட்டுகள்) விற்கப்படுகின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் பொதி வாங்குவது நாலு நம்பர் லாட்டரி எடுப்பதற்கு வெகு தூரத்தில் இல்லை என்று பெரியவர்கள் முகம் சுளித்தால் அவர்களோடு வாதிட என்னிடம் சொற்கள் இல்லை.

## போக்கெமான் டிசிஜி பாக்கெட்

2024 அக்டோபர் இறுதியில் உலகெங்கும் வெளியான இந்தச் செயலி, காகிதப் போக்கெமான் அட்டை ஆட்டத்தைச் சுருக்கிய வடிவம். காகிதத்தில் 60 அட்டைகள் கொண்ட டெக் இங்கே 20 அட்டைகள். ஒரே பெயர் கொண்ட அட்டையில் 2-க்கு மேல் வைக்க முடியாது. பின்வரிசையில் 3 போக்கெமான். 3 புள்ளி எடுத்தவர் வெற்றி. ஆற்றல் அட்டைகளை டெக்கில் வைக்க வேண்டியதில்லை, ஒருவர் ஆடும் ஒவ்வொரு முறைக்கும் ஒன்றாக அது தானே வந்து சேரும். முதலில் ஆடுபவருக்கு அவருடைய முதல் முறையில் மட்டும் ஆற்றல் கிடைக்காது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாலையில் இவ்வளவையும் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

ஆட்டத்தில் சேரும் வழி ஐந்திலும் எளிமையானது. எதிராளியோடு மோதும் பகுதியில் தனி ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து இருவரும் ஒரே கடவுச்சொல்லை அடித்தால் போதும். இந்த எளிமையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. கடவுச்சொல் உங்கள் இருவருக்கு மட்டும் உரியதன்று; அதே சொல்லை அதே நேரத்தில் உலகில் வேறு யார் அடித்தாலும் அவரோடு கோத்துவிடக்கூடும். "1234" என்று அடித்துவிட்டு, எதிரே மச்சான்தான் இருக்கிறான் என்று நினைத்து அந்நியரோடு அரை ஆட்டம் ஆடுவது இப்படித்தான் நேர்கிறது. தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் கலந்து ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது.

சேகரிப்பு இடைவெளியைப் பொறுத்தவரை இது நடுத்தரம். 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாளைக்கு இரண்டு பொதிகள் இலவசமாகத் திறக்கலாம். 20 அட்டை மட்டுமே தேவைப்படுவதால் பொறுமையுள்ள பிள்ளைக்குச் சில வாரங்களில் ஓரளவு நல்ல டெக் அமைந்துவிடும். ஆனால் வலிமையான டெக்குகள் பெரும்பாலும் 'இஎக்ஸ்' வகைப் போக்கெமான்களைச் சுற்றியே கட்டப்படுகின்றன, அவை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. நண்பர்களுக்குள் அட்டை மாற்றிக்கொள்ளும் வசதி 2025 சனவரியில் வந்தது என்றாலும், ஒரே அரிய தரத்தில் உள்ளவற்றுக்குள் மட்டுமே மாற்றலாம் என்பதால் ஏழைக்கு அது பெரிய ஏணி அன்று. 'இஎக்ஸ்' கூடாது என்று குழுவே ஒரு விதி வைத்துக்கொண்டால் இடைவெளி வெகுவாகக் குறையும். செயலி இந்த விதியைக் காக்காது, வாய்ச்சொல்தான் காவல்.

உடன்பிறந்தவர்களில் ஒருவர் தொடக்கப்பள்ளியில் இருக்கிறார், ஆட்டம் சாப்பாட்டுக்கு முன் முடிய வேண்டும் என்ற வீடுகளுக்கு இதையே சொல்வேன். நீண்ட யோசனையை விரும்பும் பெரியவர்களுக்கு மூன்றாம் வாரத்தில் சலித்துவிடும்.

## மார்வெல் ஸ்னாப்

அலைவரிசை மோசமான இடத்தில் இருப்பவருக்கு என் முதல் பரிந்துரை இது. 2022 அக்டோபரில் வந்தது. 12 அட்டைகள், எந்த அட்டையும் ஒன்றுக்கு மேல் கிடையாது. மூன்று இடங்கள், வழக்கமாக ஆறு முறைகள், ஓர் ஆட்டம் மூன்று நான்கு நிமிடம். இருவரும் ஒரே நேரத்தில் அட்டையை வைப்பதால் எதிராளி யோசித்து முடிக்கும்வரை வெறுமனே காத்திருக்கும் நேரம் குறைவு. இணைப்பு அறுந்தாலும் பெரும்பாலும் போவது ஒரு முறைதான், ஓர் இரவு அன்று.

நண்பர்களுக்கான மோதல் முறை 2023 சனவரி இறுதியில் சேர்க்கப்பட்டது. ஒருவர் அறை திறந்தால் ஒரு குறியீடு வரும், அதை வாட்ஸ்அப் குழுவில் ஒட்டினால் மற்றவர் சேர்ந்துவிடுவார். இருவரும் 10 உயிர்ப்புள்ளியோடு தொடங்கி, சுற்றுச் சுற்றாக ஆடி, ஒருவருக்குப் புள்ளி தீரும்வரை மோதுகிறார்கள். தோல்வி உறுதி என்று தெரிந்தால் பின்வாங்கிச் சிறிய இழப்போடு தப்பலாம். வெல்வோம் என்று தோன்றினால் பந்தயத்தை இரட்டிக்கலாம். ஒரே ஆட்டத்தில் எல்லாம் முடிவதில்லை என்பதால் நட்பு ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பை மற்ற நான்கில் நான் பார்க்கவில்லை. தோற்றவன் அடுத்த சுற்றில் பழிவாங்கலாம், கிண்டல் தொடரும்.

சேகரிப்பில்தான் சிக்கல். அட்டைகள் தொடர் தொடராகத் திறக்கின்றன. புதியவர் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுத்து வாங்கும் நிலைக்கு வர வெகு நாளாகும். வழக்கமான ஆட்டத்தில் செயலி புதியவரைப் புதியவரோடு கோக்கும்; அறைக் குறியீட்டில் அந்தப் பாதுகாப்பு இல்லை. நல்ல வேளையாக, முதல் தொடரின் அட்டைகள் தொடர்ந்து ஆடும் எல்லாருக்கும் முழுமையாகக் கிடைத்துவிடும். "முதல் தொடர் மட்டும்" என்ற விதியைக் குழு ஏற்றுக்கொண்டால், அதைத் திறந்து முடித்த நாளிலிருந்து தம்பியும் அண்ணனும் உண்மையிலேயே ஒரே தட்டில் நிற்கிறார்கள். அதன்பின் காசு இந்த விதிக்குள் நுழைய வழியே இல்லை.

## ஹார்த்ஸ்டோன்

2014-இல் வெளியான பழைய ஆட்டம். டெக் 30 அட்டை, நாயகருக்கு 30 உயிர்ப்புள்ளி, ஒரு முறைக்கு 75 வினாடி. மேலே சொன்ன 'டெக்கைக் கையில் கொடுக்கும்' பழக்கத்தை ஓரளவு மீட்டுத் தந்திருப்பது இந்த ஐந்தில் இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நண்பர் பட்டியலில் இருப்பவருக்கு நேரடியாகச் சவால் விடலாம். எந்த வகை ஆட்டம் என்பதையும் அங்கேயே குறிக்கலாம். சவாலை ஏற்றபின் ஒருவர் தம் டெக்குகளை மற்றவரோடு பகிர்ந்துகொள்ள முடியும். அதாவது, நேற்றுச் செயலியைப் பதிவிறக்கிய தம்பி, அண்ணன் ஐந்தாண்டில் சேர்த்த டெக் ஒன்றை அந்த ஆட்டத்துக்கு மட்டும் எடுத்து ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் அட்டை அண்ணனிடமே இருக்கும். குழுவில் ஒருவரிடம் நல்ல சேகரிப்பு இருந்தால் போதும், அது எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிடுகிறது. இது போதாதென்றால் விடுதிச் சண்டை எனப்படும், அவ்வப்போது மாறும் விசித்திர விதிகளைக் கொண்ட பகுதியிலும் நண்பரோடு மோதலாம். சில வாரங்களில் அங்கே டெக்கைச் செயலியே தருவதால் சேகரிப்பு என்ற பேச்சே எழுவதில்லை.

ஆடாதவர்கள் நண்பரின் ஆட்டத்தைத் தம் கைப்பேசியிலிருந்து பார்க்கவும் முடியும். ஜொகூரில் இருப்பவர் வேலை அலுப்பில் ஆடாவிட்டாலும், இங்கே தம்பி ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வாட்ஸ்அப்பில் நக்கல் அடிக்கலாம்.

மறைசெலவு வட்டாரத்தில் இருக்கிறது. அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என்று வட்டாரங்கள் பிரிந்துள்ளன. வெவ்வேறு வட்டாரத்தில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் ஆட முடியாது. ஒரே கணக்காக இருந்தாலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் அட்டைச் சேகரிப்பு தனித்தனி. மலேசியாவில் இருக்கிறோம், ஆகவே ஆசியா என்று எண்ணி ஒருவர் அதைத் தேர்ந்தெடுக்க, மற்றவர்கள் அமெரிக்க வட்டாரத்தில் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்க, பிறகு யாரோ ஒருவர் முதலிலிருந்து தொடங்க நேரிடும். முதல் பொதியைத் திறக்கும் முன்பே வட்டாரம் எது என்று குழுவில் கேட்டுக்கொள்ள வேண்டும். செயலி பல கிகாபைட் இடத்தை அடைக்கும் என்பதும் பழைய கைப்பேசிக்காரருக்குச் சுமை. வீட்டில் கணினி இருந்தால் அதே கணக்கில் அங்கே ஆடுவது மேல்.

## யூ-கி-ஓ மாஸ்டர் டூவல்

விதிகளை அதிகம் சீரமைக்க இடம் தருவதும், புதியவரை அதிகம் மிரட்டுவதும் இதுதான். 2022-இல் வெளிவந்தது. முதன்மை டெக் 40 முதல் 60 அட்டை, கூடுதல் டெக் 15 வரை, தொடக்க உயிர்ப்புள்ளி 8000. அறை ஒன்றைத் திறந்து அதன் எண்ணை அனுப்பினால் நண்பர்கள் உள்ளே வருவார்கள். ஆட்ட நேரத்தையும், யார் சேரலாம், யார் பார்க்கலாம் என்பதையும் அறை திறப்பவரே வகுக்கலாம். கணினி, கைப்பேசி, விளையாட்டுக் கருவி என எதிலிருந்தும் ஒரே அறைக்கு வரலாம். பள்ளி விடுமுறையில் மணிமன்றத்திலோ (இளைஞர் மன்றம்) பாலாய் ராயாவிலோ (ஊர்ப் பொது மண்டபம்) பத்துப் பேரைக் கூட்டிச் சிறு போட்டி நடத்த வேண்டுமென்றால், ஓர் இணை மோத மற்றவர்கள் பார்த்திருக்கும் இந்த அறை அமைப்பு கைகொடுக்கும்.

ஆனால் ஒருவரின் ஒரே முறை, சங்கிலி சங்கிலியாக அட்டைகள் தொடர்ந்து பல நிமிடங்கள் ஓடுவது இங்கே வழக்கம். எதிரே இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். விளையாட்டை அறியாத தம்பிக்கு அது தோல்வியைவிடக் கொடியது. தடை செய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட அட்டைகளின் பட்டியல் இதற்கென்று தனியாக உண்டு, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். காகித அட்டையில் பழகியவர் தம் பழைய டெக் அப்படியே செல்லும் என்று எண்ணக் கூடாது. வேண்டாத அட்டை மூன்றைச் சிதைத்தால் அதே தரத்தில் வேண்டிய அட்டை ஒன்றை உருவாக்கலாம் என்பதால் சேகரிப்பு அவ்வளவு மோசமில்லை. புதியவருக்கு முட்டுக்கட்டை அட்டையில் இல்லை, ஆட்ட அறிவில்தான் இருக்கிறது. சிறு வயதில் காகித யூ-கி-ஓ ஆடிய பெரியவர்கள் மட்டுமே உள்ள குழு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

## மேஜிக் அரீனா

டெக் குறைந்தது 60 அட்டை, அடிப்படை நில அட்டைகள் தவிர மற்றவற்றில் ஒரே அட்டையை 4 வரை வைக்கலாம். ஒருவரின் பெயரையும் அதன் பின்னால் வரும் எண்ணையும் சரியாக அடித்து நண்பராக்கி, நேரடிச் சவால் விடலாம். ஒற்றை ஆட்டம், மூன்றில் இரண்டு என இரு வகையும் உண்டு. மூன்றில் இரண்டு எடுத்தால் ஆட்டங்களுக்கு இடையே 15 அட்டை வரையிலான பக்க டெக்கிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். நிதானமாக யோசித்து ஆடும் இருவருக்கு இதைவிட ஆழமான இரவு கிடைக்காது, ஆனால் அது முழு இரவாகவே போய்விடும். புதியவர்களுக்குத் தொடக்க டெக்குகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரு தரப்பும் அவற்றையே வைத்து ஆடினால் ஆட்டம் நியாயமாகவே இருக்கும். சிறிய திரையில் எழுத்து நெருக்கமாகத் தெரியும், பழைய ஆண்ட்ராய்டு சூடேறும். கணினி உள்ளவர்களுக்கே இதைச் சொல்வேன்.

## ஒரே பார்வையில்

| செயலி | டெக் | சேரும் வழி | புதியவருக்கு உதவும் வழி | பொருந்தும் குழு |
|---|---|---|---|---|
| போக்கெமான் பாக்கெட் | 20 | ஒரே கடவுச்சொல் | 'இஎக்ஸ்' இல்லை என்ற விதி | சிறுவர் உள்ள வீடு |
| மார்வெல் ஸ்னாப் | 12 | அறைக் குறியீடு | முதல் தொடர் மட்டும் | அலைவரிசை குறைந்த இடம் |
| ஹார்த்ஸ்டோன் | 30 | நண்பர் பட்டியல் | டெக் பகிர்வு | ஒருவரிடம் மட்டும் சேகரிப்பு உள்ள குழு |
| மாஸ்டர் டூவல் | 40–60 | அறை எண் | அட்டை உருவாக்கம் | காகிதத்தில் பழகியவர், சிறு போட்டி |
| மேஜிக் அரீனா | 60 முதல் | பெயரும் எண்ணும் | தொடக்க டெக்குகள் | கணினி உள்ள இருவர் |

## முடிவெடுக்கும்போது

குழுவில் ஒருவராவது ஹார்த்ஸ்டோனில் நெடுங்காலம் ஆடியிருந்து, மற்றவர்களின் கைப்பேசியில் இடமும் இருந்தால், நான் வேறெதையும் யோசிக்க மாட்டேன். டெக் பகிர்வு ஒன்றே மற்றக் குறைகளை ஈடு செய்துவிடும். அப்படி யாரும் இல்லை, எல்லாரும் புதியவர்கள் என்றால் ஸ்னாப். முதல் தொடரைத் திறக்கும் சில வாரங்களில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்வார்கள், ஆட்டம் குறுகியது என்பதால் மாமாக் கடையில் தே தாரிக் வரும் முன்பே ஒரு சுற்று முடிந்துவிடும். வீட்டில் சிறு பிள்ளைகள்தான் பெரும்பான்மை என்றால் போக்கெமான் பாக்கெட். மாஸ்டர் டூவலையும் அரீனாவையும் ஏற்கெனவே அந்த ஆட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு விட்டுவிடலாம். புதியவரை அங்கே அழைத்துப் போவதென்றால் முதல் மாதம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் பெரும்பாலும் பினாங்கில் இருப்பார்.

எதை எடுத்தாலும் குழுவின் சொந்த விதிகளை வாட்ஸ்அப் குழுவின் விளக்கப் பகுதியில் எழுதி வைத்துவிட வேண்டும். எந்த அட்டை கூடாது, மூன்றில் இரண்டா ஒற்றை ஆட்டமா, இணைப்பு அறுந்தால் மறு ஆட்டமா தோல்வியா என்பவை வாய்ச்சொல்லாக இருந்தால் முதல் சண்டை அட்டையில் தொடங்காது, அங்கேதான் தொடங்கும். மழை நாளில் அறுந்த ஆட்டம் செல்லாது என்று ஒரு வரி சேர்ப்பது நம் பக்கத்துக்கு மிகவும் தேவை. காசு வைத்து ஆடுவதில்லை என்பதையும் எழுதி வைத்தால் பெற்றோரிடம் காட்டலாம். பிள்ளையின் கைப்பேசியில் செயலிக் கடை வாங்குதலுக்குக் கடவுச்சொல் கேட்கும்படி அமைத்துவிட்டு, அந்தக் கடவுச்சொல்லை அம்மாவிடமோ அப்பாவிடமோ விட்டுவைப்பதும் அதே நாளில் செய்ய வேண்டிய வேலை.

புதுப்பிப்புகள் இந்தச் செயலிகளில் அடிக்கடி வரும், சில நேரம் பெரிதாகவும் இருக்கும். புதுப்பிக்காதவர் ஆட்டத்துக்குள் நுழையவே முடியாமல் போகலாம். ஆகவே சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால், கைப்பேசித் தரவை நம்பியிருப்பவர்கள் வெள்ளிக்கிழமையே வைஃபை உள்ள இடத்தில் செயலியை ஒரு முறை திறந்து பார்த்துவிட வேண்டும்.